உன் அப்பா சீமெந்தால் மூடிய பெயர்

அன்புத் தம்பிக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டதற்குப் பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன். கோபத்தில் வைத்தேன் என்று நினைத்திருப்பாய். கோபம்தான். அந்தக் கோபத்தோடு பேசத் தொடங்கினால் பாதியில் அழுதுவிடுவேன். நான் அழுதால் நீ வழக்கம்போல "சரி சரி, விடுங்கோ அம்மா" என்று சொல்லி முடித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். இதை உறையில் போட்டு ஒட்டப் போவதில்லை. நம் ஊர்க்காரரின் வாட்ஸ்அப் குழுவில் கனடாவில் இருப்பவர்களும் லண்டனில் இருப்பவர்களும் உன் அப்பாவையும் என்னையும் பற்றித் தங்களுக்குத் தோன்றியதையெல்லாம் எழுதிவிட்டார்கள். ஒருவர் "தோட்டக்காட்டாருக்கு இடம் குடுத்தால் இப்பிடித்தான்" என்று மலையிலிருந்து வந்த என்னை இழித்து எழுதி, கைகூப்பும் படம் ஒன்றையும் போட்டிருந்தார். என் பக்கத்தையும் அவர்கள் வாசிக்கட்டும். நீ முதலில் வாசி.

குளக்கட்டில் நாங்கள் நட்ட தூணை உன் கலியாணம் முடியும்வரை கழற்றி வைக்கச் சொன்னாய். அப்பா பெரியப்பாவிடம் போய் மன்னிப்புக் கேட்டால் அவர் கலியாணத்துக்கு வந்து முன்னுக்கு நிற்பார் என்றாய். பிறகு குரலைத் தாழ்த்தி, பெண் வீட்டார் யாராவது என் ஊரைக் கேட்டால் வவுனியா என்று சொல்லச் சொன்னாய். "அது பொய்யில்லைத்தானே அம்மா, நீங்கள் கொஞ்சக் காலம் அங்கை இருந்தனீங்கள்தானே" என்றாய். இருந்தேன்தான். ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில், பாய்க்குப் பாய் ஒட்டிப் படுத்து, அகதியாக இருந்தேன். அது என் ஊர் என்றால், போர் முடிந்ததும் நம்மை அடைத்து வைத்திருந்த செட்டிகுளம் முகாமை உன் ஊர் என்று கலியாணக் கார்டில் போட வேண்டும். போடுவாயா?

போன சித்திரையில், நீ கட்டப் போகிற நிரோஜாவைக் கூட்டிவந்து ஊரைக் காட்டினாய். பரந்தனிலிருந்து உள்ளே வந்தால் சந்தியில் போர் முடிந்தபின் படையினர் நிறுத்திய வெற்றித் தூண். குளக்கட்டுத் தொடங்கும் இடத்தில், அந்தக் குளத்தைத் திருத்திய வெள்ளைக்கார எஞ்சினியரின் பெயர் வெட்டிய கல். தண்ணீர் திறக்கும் துரிசடியில் பிள்ளையார் கோயில். துவக்குச் சன்னம் துளைத்தபடியே நிற்கும் பழைய கூட்டுறவுச் சங்கக் கடைச் சுவர். பிறகு பூநகரிக் கோட்டையையும் காட்டிக்கொண்டு வந்தாய். "இவ்வளவுதான் எங்கட ஊர்ச் சரித்திரம்" என்று நீ சொல்லிச் சிரித்தது குசினியில் சமைத்துக்கொண்டு நின்ற எனக்குக் கேட்டது. கட்டு வளைகிற இடத்தில், அந்தப் பாலை மரத்தடியில், நீ காரை நிறுத்தவில்லை. அங்கே அப்போது காட்டுவதற்கு எதுவும் இல்லைத்தான். ஆனால் உன் அம்மப்பா செத்த இடம் அது என்று உனக்குத் தெரியும்.

தெரிந்தாலும் முழுதாக ஒருமுறை சொல்கிறேன். இந்த ஊரின் வயல்காரர் எல்லாரும் யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்தில் காணி எடுத்து வந்தவர்கள். காட்டோடும் மலேரியாவோடும் அவர்கள் பட்ட பாட்டை நான் ஒருநாளும் குறைத்துச் சொன்னதில்லை. நாங்கள் அவர்களுக்குப் பிறகு வந்தோம். ஹற்றன் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். இனக் கலவரத்தில் எங்கள் லயத்து வீடுகளுக்கு நெருப்பு வைத்தார்கள். உடுத்த உடுப்போடு லொறியில் ஏறி வவுனியாவுக்கு வந்து, அங்கிருந்து இங்கே வந்தோம். குளத்துக்குக் கீழே, கடைசி வாய்க்கால் போய் முடிகிற பள்ளத்தில், யாருக்கும் வேண்டாத காட்டை வெட்டிக் குடிசை போட்டோம். கடைவாய்க்கால் என்று எங்கள் குடியிருப்புக்குப் பெயர் வந்தது. மேலே வயல்காரர், கீழே அவர்களின் வயலில் நாற்று நடுகிறவர்கள். என் அப்பா மாரிமுத்துவுக்கு எழுதத் தெரியாது. ஆனால் தமாஷாகப் பேசுவார். "மலையில இருந்தப்ப தண்ணி நம்மள விட்டு ஓடுச்சு, இங்க நம்மள நோக்கி வருது" என்பார்.

அவர் சொன்னதுபோலவே அது வந்தது. நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த வயது. மாரி மழை விடாமல் அடித்துக் குளம் நிரம்பி வழிந்து வான் பாய்ந்தது. ஒரு காலையில் கட்டின் வளைவில் கசிவு தொடங்கி, சாப்பாட்டு நேரத்துக்குள் ஆள் நுழையும் அளவுக்கு மண் சரிந்துவிட்டது. மேலே இருந்தவர்கள் நெல் மூட்டைகளையும் மாடுகளையும் பிள்ளைகளையும் மேட்டிலிருந்த பள்ளிக்கூடத்துக்கு ஏற்றினார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. யாராயிருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். கட்டு உடைந்தால் முதலில் போவது எங்கள் குடிசைகள். அதனால் கடைவாய்க்கால் சனம் முழுவதும் மண்வெட்டியும் சாக்குமாகக் கட்டுக்கு ஓடியது. அம்மாவும் நானும் சாக்கில் மண் நிரப்பினோம். "புள்ள, தண்ணிப் பக்கம் வராத, அங்கயே நில்லு" என்று அப்பா கத்தினார். பிறகு எங்கள் குடிசைக் கதவைக் கழற்றிக்கொண்டு வந்து, உடைப்புக்குள் இறங்கி, அதைக் குறுக்கே பிடித்துக்கொண்டு மூட்டைகளை அடுக்கச் சொன்னார். அடுக்கினார்கள். தண்ணீர் நின்றது. அவர் ஏறுவதற்குக் கை நீட்டியபோது காலடி மண் சரிந்தது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். கட்டு நின்றது, ஊர் நின்றது, அந்த வருஷம் வெள்ளாமைகூடத் தப்பியது. அப்பாவைத் தண்ணீர் வடிந்த பிறகு கண்டெடுத்தோம்.

செத்த வீட்டுக்கு மேலே இருந்து வந்த முதல் ஆள் உன் அப்பப்பா. எங்கள் வாசலில் கதவு இல்லை, அந்த இடைவெளியில் நின்றுகொண்டு எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "மாரிமுத்து கட்டிலை நிண்டவன். நான் பள்ளிக்குடத்திலை நெல்லு மூட்டைக்குக் காவல் நிண்டனான். இதை நான் சாகுமட்டும் சொல்லுவன்." சொன்னபடியே சாகும்வரை சொன்னார். பல வருஷம் கழித்து உன் அப்பா என்னைத்தான் கட்டுவேன் என்று நின்றபோது, அந்த வீட்டில் ஓம் என்று சொன்ன ஒரே ஆளும் அவர்தான். உன் பெரியப்பா அன்று சாப்பிடாமல் எழுந்து போனார். அவர் பள்ளிக்கூட ஆசிரியர். ஊர் முழுவதும் அவரை மாஸ்ரர் என்றுதான் கூப்பிடும். நானும் இன்றைக்கு வரைக்கும் மாஸ்ரர் என்றுதான் கூப்பிடுகிறேன். வேறு முறை சொல்லிக் கூப்பிட அவர் விட்டதில்லை. நான் "வாங்க" என்று சொன்னால் "வாங்கோ" என்று திருத்துவார். திருத்தித் திருத்தி என் பேச்சையே மாற்றிக்கொண்டேன். நீ பிறந்தபோது நான் பேசிய தமிழில் மலை இல்லை.

அவர் கெட்ட மனிதர் இல்லை. கடைசிப் போரில் நாங்கள் எல்லாரும் ஒரே உழவு இயந்திரப் பெட்டியில் முல்லைத்தீவுக் கரை வரைக்கும் போனதும், பிறகு முகாமில் ஒரே வரிசையில் சோற்றுக்கு நின்றதும் உனக்கு நினைவிருக்கும். உனக்குக் காய்ச்சல் வந்தபோது தன் பங்குத் தண்ணீரை உனக்குத் தந்தவர் பெரியப்பா. திரும்பி வந்து சந்தியில் அந்தத் தூணைக் கண்டபோது அவர்தான் முதலில் கொதித்தார். "எங்கட சனம் இவ்வளவு செத்தது. ஒரு பேர் எங்கையாவது எழுதிக் கிடக்கோ? நாங்கள் இருந்ததுக்கே அடையாளம் இல்லை" என்று பல்லைக் கடித்தார். எனக்கு அவரில் மரியாதை வந்த நாள் அது. அதனால்தான் பிறகு அவர் செய்தது எனக்கு அப்படி வலித்தது.

குடியேறிய ஆண்டு விழா எடுத்து, குளக்கட்டில் ஊருக்கென்று ஒரு கல் நாட்டுவது என்று விழாக் குழு முடிவு செய்தது. மாஸ்ரர்தான் தலைவர். நல்ல காரியம் என்று உன் அப்பாவும் நானும் கூட்டத்தில் முன்வரிசையில் போய் இருந்தோம். கல்லில் வெட்டியிருந்ததை அவர் வாசித்தார். காடு வெட்டிக் கழனியாக்கிய குடும்பத் தலைவர்களின் பெயர்கள். அதில் உன் அப்பப்பாவின் பெயரும் இருந்தது. அதன் கீழே, பெருவெள்ளத்தில் விநாயகர் அருளால் கட்டுக் காக்கப்பட்டது என்று ஒரு வரி. நான் எழுந்து கேட்டேன், "மாஸ்ரர், மாரிமுத்துவின்ரை பேர் எங்கை?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "பிள்ளை, இது திட்டத்திலை காணி எடுத்த ஆக்களின்ரை கல்லு. நீங்கள் பிறகு வந்தனீங்கள்."

அந்த நிமிஷத்தில், அத்தனை வருஷமும் திருத்தி வைத்திருந்த என் பேச்சு கழன்று விழுந்தது. "பொறகு வந்தவங்க செத்தா அது சாவு இல்லீங்களா மாஸ்ரர்? அந்தக் கதவப் புடிச்சிக்கிட்டு நின்னது புள்ளையாரா, எங்க அப்பாவா?" என்று கேட்டேன். சபையில் யாரோ சிரித்தார்கள், நான் கேட்ட கேள்விக்கா, கேட்ட தமிழுக்கா தெரியாது. இன்னொருவர் "உங்கட ஆக்களுக்கு வேறையா ஒண்டு வைப்பம், பிறகு பாப்பம்" என்றார். அந்தப் "பிறகு" எனக்கு நன்றாகப் பழகிய சொல். காணிக்கு உறுதிப் பத்திரம் கேட்டாலும் பிறகு, கடைவாய்க்காலுக்குத் தண்ணீர் கேட்டாலும் பிறகு.

உன் அப்பா அதிகம் பேசாத மனிதர் என்று உனக்குத் தெரியும். அன்று எழுந்தார். "அண்ணை, மாமாவின்ரை பேரைப் போடேலாதெண்டால் எங்கட அப்பாவின்ரை பேரை எடுங்கோ."

"கல்லு வெட்டியாச்சு. இனி எடுக்கேலாது."

"அப்ப நான் எடுக்கிறன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். வெறும் பேச்சென்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். நானும்தான்.

விழா நாளில் மாலை போட்டு, தேங்காய் உடைத்து, கல்லைத் திறந்தார்கள். கோயில் மடத்தில் பந்தி தொடங்கியது. உன் அப்பா சாப்பிடப் போகவில்லை. வீட்டுக்குப் போய்ச் சைக்கிளில் சீமெந்தும் வாளியும் கொண்டுவந்தார். குளத்துத் தண்ணீரை அள்ளிக் குழைத்தார். எல்லாரும் பார்க்கும்படி, நல்ல வெயிலில், தன் அப்பாவின் பெயரை மட்டும் மேசன் கரண்டியால் மூடிப் பூசினார். வேறு ஒரு எழுத்திலும் கை படவில்லை. கையில் சோறு காயாமலே மாஸ்ரர் ஓடி வந்தார். "எடேய், அப்பாவின்ரை முகத்திலை சீமெந்து பூசிறியோ?" என்று கேட்டார். உன் அப்பா திரும்பிப் பார்க்காமல் பூசிக்கொண்டே சொன்னார்: "பேரிலைதான் பூசிறன் அண்ணை. அப்பா இருந்திருந்தால் தானே வந்து பூசியிருப்பார்." வாட்ஸ்அப் குழுவில் நீ பார்த்த வீடியோ அதோடு முடிகிறது. எடுத்த பெடியன் அதற்குப் பிறகு நடந்ததை எடுக்கவில்லை. உன் பெரியப்பா குளக்கட்டிலேயே குந்தியிருந்து சிறு பிள்ளைபோல் அழுதார். உன் அப்பா வாளியைக் கழுவிவிட்டு அவருக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு அவரவர் வீட்டுக்குப் போனார்கள். இன்றுவரைக்கும் பேச்சில்லை. மன்னிப்புக் கேட்கச் சொல்கிறாயே, எதற்கென்று கேட்பது? உன் அப்பா செய்ததில் நான் பெருமைப்படுகிறேன். அவருக்கு அண்ணன் வேண்டும். அவர் இரவில் படுக்கும்போது விடும் மூச்சில் எனக்கு அது தெரிகிறது. இரண்டும் உண்மை. ஒன்றைக் காட்டி மற்றதை அழிக்கச் சொல்லாதே.

அதற்குப் பிறகுதான் தூண். கடைவாய்க்கால் பெண்கள் என் வீட்டு முற்றத்தில் கூடினார்கள். "பிறகு பாப்பம் எண்டவையள் பாக்கட்டும், நாங்க இப்பவே பாப்பம்" என்று என் பள்ளித் தோழி செல்லம்மா சொன்னாள். பலகை அடித்து, கம்பி கட்டி, கொங்கிறீற் ஊற்றினோம். ஈரம் காயுமுன் ஆணியால் எழுதினேன். முதலில் என் அப்பா. அதன் கீழே அன்று மூட்டை அடுக்கியவர்கள் எல்லாரும், ஆணும் பெண்ணும். என் அம்மாவின் பெயர் இருக்கிறது. பாலை மரத்தடியில் நட்டோம். என் எழுத்துக் கோணல்தான். சந்தித் தூணைப்போலப் பளபளக்காது. வெள்ளைக்காரனின் கல்லைப்போல ஆழமாகவும் இல்லை. ஆனால் இந்த ஊரில் தலை நிமிர்ந்து நிற்கும் கற்களில், தங்கள் செத்தவரைத் தாங்களே எழுதியது அது ஒன்றுதான்.

குளத்துப் பொறுப்பதிகாரி மோட்டார் சைக்கிளில் வந்தார். நல்ல பிள்ளை, உன் வயதுதான் இருக்கும். "அம்மா, கட்டிலை அனுமதி இல்லாமல் ஒண்டும் நடேலாது" என்றார். "ஓம் தம்பி, சட்டம் சரிதான். அங்கால நிக்கிற புதுக் கல்லுக்கும் அனுமதி இல்லை. ரெண்டையும் ஒரே நாளிலை கிளப்புங்கோ, நாங்களே வந்து தூக்கித் தாறம்" என்றேன். அவர் அந்தக் கல்லைப் பார்த்தார், தூணைப் பார்த்தார், செல்லம்மா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தார். போய்விட்டார். இதுவரை திரும்பி வரவில்லை. வந்தால் அதே பதில்தான்.

இனி நீ அறியாத ஒன்றைச் சொல்கிறேன். செவ்வாய்க்கிழமை நிரோஜாவும் அவள் அப்பாவும் நம் வீட்டுக்கு வந்தார்கள். உனக்குச் சொல்ல வேண்டாம், தானே சொல்வதாக அவள் என்னிடம் கேட்டுக்கொண்டாள். இதுவரை சொல்லவில்லை என்றால் இப்போது நான் சொல்லிவிட்டேன். அவளோடு நான் பேசிக்கொள்கிறேன். வந்ததும் "மாமி, வீடியோவிலை தூண் இல்லை. நான் அதைப் பாக்கோணும்" என்றாள். கூட்டிப்போனேன். பெயர்களை ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசித்தாள். அவள் அப்பா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குளத்தைப் பார்த்தபடி நின்றார். "உங்கட பூர்வீகம் மலைநாடோ?" என்று கேட்டார்.

"ஓம். ஹற்றன் பக்கம். லயத்திலை பிறந்தனான். அப்பாவும் அம்மாவும் தோட்டத்திலை வேலை செய்தவை" என்றேன். வவுனியா என் வாயில் வரவில்லை. வரவழைக்கவும் இல்லை.

அவர் மரியாதையாகத்தான் சொன்னார்: "எனக்கொண்டும் இல்லை. ஆனால் எங்கட பக்கத்து ஆக்கள் ஒரு மாதிரி. கலியாண வீட்டிலை இதுகளைக் கதைக்காமல் விட்டால் நல்லது."

நான் வாய் திறக்குமுன் நிரோஜா சொன்னாள். "அப்பா, ஆராவது கேட்டால் நான் கதைப்பன்." அவ்வளவுதான். சண்டை பிடிக்கவில்லை, குரலை உயர்த்தவில்லை. அவர் மகளைப் பார்த்தார், தலையை ஆட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. போகும்போது "கார்டிலை அம்மப்பாவின்ரை பேரும் வரோணும்தானே, எப்பிடி எழுதிறது?" என்று என்னிடம் கேட்டாள். எழுதிக் கொடுத்தேன். அச்சகத்தில் இருந்து உனக்கு வருவது அந்தக் கார்டுதான். திருத்தம் செய்ய வேண்டாம்.

கலியாணம் செய்யப் போகிற பிள்ளைக்குப் புத்திமதி சொல்வது பெற்றவர் வழக்கம். எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. உன் அப்பா முப்பது வருஷத்துக்கு மேலாக என்னோடு வாழ்கிறார். ஒருநாளும் என் ஊரை வேறு ஊராக்கிச் சொன்னதில்லை. கேட்டவர்களிடம் அவர் சொல்வதெல்லாம், "இவ ஹற்றன், நான் இந்த ஊர்" என்பதுதான். சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார். கட்டினவளிடம் நகையும் கேட்காதே, மறைப்பும் கேட்காதே. மறைப்பைத் தந்தவள் அதைத் திரும்ப வாங்குவதற்குள் கிழவியாகிவிடுவாள். உனக்குப் பிள்ளை பிறந்தால் என்னிடம் கொண்டுவந்து விடு. "வாங்க" என்றும் "வாங்கோ" என்றும் இரண்டையும் சொல்லிக்கொடுப்பேன்.

ஆகவே தூண் நின்ற இடத்திலேயே நிற்கும். பெரியப்பா வீட்டுக்கு முதல் கார்டை உன் அப்பா தன் கையால் கொண்டுபோய்க் கொடுப்பார். மன்னிப்புக் கேட்க அல்ல, அண்ணன் என்பதற்காக. அவர் வந்தால் முன்னுக்கு நிற்கட்டும், அந்த இடம் அவருடையதுதான். வராவிட்டால் கலியாணம் நடக்காமல் போகாது.

கடைவாய்க்காலில் இருந்து நாங்கள் இரண்டு பஸ்ஸில் வருகிறோம். செல்லம்மா ஏற்கெனவே சீலை எடுத்துவிட்டாள். அன்று மூட்டை தூக்கியவர்களில் உயிரோடு இருக்கிற நாலைந்து பேரும் வருகிறார்கள்; அவர்களை முன்வரிசையில் இருத்தப் போகிறேன். அவர்கள் தங்கள் பேச்சில் சத்தமாகப் பேசுவார்கள், சத்தமாகச் சிரிப்பார்கள். மண்டபத்தில் யாராவது உன்னிடம் வந்து, "தம்பி, இவையள் ஆர்?" என்று கேட்பார்கள். கட்டாயம் கேட்பார்கள். நான் பக்கத்தில்தான் நிற்பேன். ஆனால் உனக்காக நான் பதில் சொல்ல மாட்டேன். நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டுக்கொண்டு நிற்பேன்.

உன்
அம்மா